ஒரே மாடல், உள்ளே வேறு வேறு கம்பெனிப் பாகம்: புது போன் வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

புது போன் வாங்கப் போகும் உறவினர், நண்பர்கள் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வந்துவிடுகிறது. யூடியூபில் யாரோ "இந்த மாடலில் இரண்டு விதமான டிஸ்ப்ளே வருகிறது, பார்த்து வாங்குங்கள்" என்று சொல்லியிருப்பார். எதைப் பார்த்து, எப்படி வாங்குவது என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டார். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே விலை. அப்படியும் உள்ளே வேறு கம்பெனிப் பாகம் இருக்குமா?

இருக்கும். அது புதிய விஷயமும் இல்லை, ரகசியமும் இல்லை. டிஸ்ப்ளே, ரேம், ஸ்டோரேஜ், கேமரா சென்சார், பேட்டரி என எதுவும் இரண்டு மூன்று இடங்களிலிருந்து வரலாம். ரேமை எடுத்துக்கொண்டால் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று பேரைச் சுற்றித்தான் உலகமே ஓடுகிறது. உங்கள் போனில் இருப்பது யாருடையது என்பது அந்த வாரம் தொழிற்சாலைக்கு எந்தச் சரக்கு வந்து இறங்கியது என்பதைப் பொறுத்தது.

ஒரே இடத்தில் வாங்கினால் என்ன கேடு?

மாதத்துக்குப் பல லட்சம் போன் செய்கிற கம்பெனிக்கு அது பெரிய ஆபத்து. 2016 ஏப்ரலில் ஜப்பானின் குமாமோட்டோவில் நிலநடுக்கம் வந்தபோது, அங்கிருந்த சோனியின் கேமரா சென்சார் தொழிற்சாலை நின்றுபோனது. அந்த மாதிரி நேரத்தில் இன்னொரு சப்ளையர் கையில் இல்லாதவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். விலை பேசவும் இரண்டாவது ஆள் வேண்டும். ஒரே கடையில்தான் வாங்குவேன் என்று தெரிந்துவிட்டால் கடைக்காரர் ஏன் விலையைக் குறைக்கப்போகிறார்?

1981இல் வந்த ஐபிஎம் பிசிக்கு இன்டெல் சிப் போட்டபோதும் இதே கதைதான். அதே சிப்பைச் செய்துதர இன்னொரு கம்பெனியும் வேண்டும் என்று ஐபிஎம் பிடிவாதமாக நின்றது. ஏஎம்டி அந்தச் சிப்களைச் செய்ய வந்தது அப்படித்தான்.

ஐபோன் 6எஸ் வந்தபோது சிப் விஷயத்தில் பெரிய சண்டை நடந்ததே, அது என்ன?

2015இல் வந்த அந்த போனின் ஏ9 சிப்பை வடிவமைத்தது ஆப்பிள். செய்துகொடுத்தது இரண்டு பேர்: சாம்சங் தன் 14 நானோமீட்டர் முறையிலும், தைவானின் டிஎஸ்எம்சி 16 நானோமீட்டர் முறையிலும் செய்தன. பிரித்துப் பார்த்தவர்கள் அளந்ததில் சாம்சங் சிப் 96 சதுர மில்லிமீட்டர், டிஎஸ்எம்சி சிப் 104.5 சதுர மில்லிமீட்டர். ஒரே பெயர், இரண்டு அளவு.

நானோமீட்டர் எண் சிறிதாக இருந்தால் சிப் குறைவாக மின்சாரம் தின்னும், அதனால் நல்லது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சிலர் சோதனை செய்து வெளியிட்டதில் முடிவு தலைகீழாக வந்தது. சிப்பை இடைவிடாமல் விரட்டும் சோதனையில் டிஎஸ்எம்சி சிப் உள்ள போன் கிட்டத்தட்ட 2 மணி நேரம் கூடுதலாக ஓடியது. உடனே கடைக்கு ஓடி மாற்றிக் கேட்டவர்களும் உண்டு. ஆப்பிள் சொன்ன பதில்: அப்படி மணிக்கணக்கில் சிப்பை முழு வேகத்தில் ஓட்டுவது யாரும் போனைப் பயன்படுத்தும் விதமே இல்லை, அன்றாடப் பயன்பாட்டில் வித்தியாசம் 2 முதல் 3 விழுக்காடு. பிறகு இணையத்தில் உலாவுவது, வீடியோ பார்ப்பது என்று வேறு வேறு விதமாகச் சோதித்தவர்களுக்கும் சிறிய வித்தியாசம்தான் கிடைத்தது.

என் கணக்கில் இதில் ஆப்பிள் சொன்னது சரி. 3 விழுக்காடு என்பது, 10 மணி நேரம் நிற்கும் சார்ஜில் 18 நிமிடம். திரை வெளிச்சத்தை ஒரு கோடு கூட்டி வைத்தாலே அது போய்விடும்.

அப்படியென்றால் எதையும் கண்டுகொள்ள வேண்டாமா?

அடுத்த வருடமே அதே ஆப்பிளிடமிருந்து எதிர் உதாரணம் வந்தது. ஐபோன் 7இல் சிலவற்றுக்கு குவால்காம் மோடம், சிலவற்றுக்கு இன்டெல் மோடம். டவருடன் பேசும் சிப் அது. அமெரிக்காவில் வெரிசான், ஸ்பிரிண்ட் வாடிக்கையாளர்களுக்கு குவால்காம்; ஏடி அண்ட் டி, டி-மொபைல்காரர்களுக்கு இன்டெல். செல்லுலார் இன்சைட்ஸ் என்ற நிறுவனம் ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்ததில், இன்டெல் மோடத்தைவிட குவால்காம் மோடம் சுமார் 30 விழுக்காடு வேகமாகத் தரவைக் கொண்டுவந்தது. சிக்னல் மிக மோசமாகும் இடத்தில் அந்த இடைவெளி 75 விழுக்காட்டையும் தாண்டியது.

டவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. மலையடிவாரத்தில், லிஃப்டில், நான்கு சுவர் தாண்டிய உள்ளறையில் இருப்பவருக்குத் தெரியும். போன் மெதுவாக இருக்கிறது என்று திட்டலாம். பேச்சு அறுந்துபோனால் திட்டக்கூட முடியாது. இரண்டும் ஒரே விலை என்பதுதான் எனக்கு உறுத்தல். நல்ல மோடத்துக்கு நொடிக்கு 600 மெகாபிட் வரை போகும் திறன் இருந்தும், இன்டெல் மோடத்தின் எல்லையான 450ஐத் தாண்டிய வேகத்தை ஆப்பிள் பயன்படுத்தாமல் விட்டது. உயரமானவரைக் குனிந்து நடக்கச் சொன்ன மாதிரி.

சாம்சங் போன்களில் இந்தியாவுக்கு மட்டும் வேறு சிப் வருகிறது என்கிறார்களே?

பல வருடம் அப்படித்தான் வந்தது. கேலக்ஸி எஸ் வரிசையில் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் குவால்காமின் ஸ்னாப்டிராகன், ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் சாம்சங்கின் சொந்த எக்ஸினோஸ். 2020இல் எஸ்20 வந்தபோது விஷயம் வெடித்தது. இந்தியாவில் விற்ற எக்ஸினோஸ் 990, ஸ்னாப்டிராகன் 865ஐவிட அதிகம் சூடாகிறது, சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்று புகார். சாம்சங்கின் சொந்த நாடான தென்கொரியாவிலேயே அந்த வருடம் ஸ்னாப்டிராகன் போட்டுத்தான் விற்றார்கள். வீட்டுக்காரரே சாப்பிடாத குழம்பை விருந்தாளிக்கு ஊற்றினால் யாருக்குத்தான் கோபம் வராது? எங்களுக்கும் ஸ்னாப்டிராகனே கொடுங்கள் என்று இணையத்தில் கையெழுத்து இயக்கமே நடந்தது.

எஸ்22 வரிசையில் இந்தியாவுக்கு ஸ்னாப்டிராகன் வந்தது. 2023இல் எஸ்23 உலகம் முழுக்க ஸ்னாப்டிராகன். 2024இல் எஸ்24, எஸ்24 பிளஸ் இரண்டும் இங்கே மறுபடி எக்ஸினோஸ் 2400, அல்ட்ரா மட்டும் ஸ்னாப்டிராகன். 2025இல் எஸ்25 வரிசை முழுவதும் ஸ்னாப்டிராகன். இப்படி வருடத்துக்கு வருடம் மாறுவதால் "சாம்சங்கில் இதுதான் வரும்" என்று மனப்பாடம் செய்து பயனில்லை. எக்ஸினோஸ் 2400 பழைய 990 போல அவ்வளவு மோசமும் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: இது சப்ளையர் வித்தியாசம் என்பதைவிட, இரண்டு வேறு போன்கள் ஒரே பெயரில் விற்கப்படுவது. நல்லவேளையாக இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கம்பெனியின் இந்திய இணையப் பக்கத்தில் சிப் பெயர் இருக்கும். ரிவ்யூ பார்க்கும்போது அமெரிக்கக்காரர் போட்டதைப் பார்த்துவிட்டு இங்கே வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

ஸ்டோரேஜில் என்ன வித்தியாசம் வந்துவிடும்? 128 ஜிபி என்றால் 128 ஜிபிதானே?

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

2017இல் சீனாவின் வாவே (Huawei) கம்பெனியின் பி10 வந்தது. விலை உயர்ந்த போன். வாங்கியவர்கள் ஆண்ட்ரோபெஞ்ச் என்ற ஆப்பைப் போட்டு ஸ்டோரேஜ் வேகத்தை அளந்து பார்த்து ஒப்பிட ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு நொடிக்கு 700 எம்பிக்கு மேல் வந்தது, இன்னொருவருக்கு 300ஐக்கூடத் தொடவில்லை. தோண்டிப் பார்த்தால், ஒரே மாடலுக்குள் யுஎஃப்எஸ் 2.1, யுஎஃப்எஸ் 2.0, இஎம்எம்சி 5.1 என்று மூன்று தரம் கலந்திருந்தது. ரேமிலும் இரண்டு தலைமுறை கலப்பு. கம்பெனியின் போன் பிரிவுத் தலைவர் ரிச்சர்ட் யூ, சந்தையில் ஃபிளாஷ் மெமரித் தட்டுப்பாடு, அதனால் பலரிடம் வாங்கினோம், பயன்பாட்டில் வித்தியாசம் தெரியாதபடி செய்திருக்கிறோம் என்று விளக்கம் சொன்னார். யாரும் ஏற்கவில்லை. கடைசியில் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

ஐபோன் 6எஸ் விஷயத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே ஒரே தரத்தை இரண்டு பேர் செய்தார்கள். இங்கே தரமே வேறு. இஎம்எம்சி ஒருவழிப் பாலம் மாதிரி, ஒரு பக்கத்து வண்டி போய் முடித்தால்தான் எதிர்ப்பக்கத்து வண்டி வர முடியும். படிக்கும்போது எழுத முடியாது, எழுதும்போது படிக்க முடியாது. இஎம்எம்சி 5.1இன் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பிதான். யுஎஃப்எஸ் இருவழிச் சாலை. வாட்ஸ்அப் பேக்கப் ஓடும்போது கேலரியைத் திறந்தால் போன் திணறுகிறதா இல்லையா என்பது இதைப் பொறுத்தது. வாங்கிய வாரத்தில் தெரியாது; ஸ்டோரேஜ் முக்கால்வாசி நிரம்பி, இரண்டு அப்டேட் வந்தபிறகு தெரியும்.

ஒளிக்காமலே தரம் மாறுவதும் உண்டு. கேலக்ஸி எஸ்23இல் 128 ஜிபி போனுக்கு யுஎஃப்எஸ் 3.1, 256 ஜிபிக்கு யுஎஃப்எஸ் 4.0. காரணம் ரொம்பச் சாதாரணம்: யுஎஃப்எஸ் 4.0 அப்போது 128 ஜிபி அளவில் கிடைக்கவில்லை.

ஆகவே கடையில் "யாருடைய ஸ்டோரேஜ்?" என்று கேட்காதீர்கள். "யுஎஃப்எஸ்ஸா, எந்த யுஎஃப்எஸ்?" என்று கேளுங்கள். இணையப் பக்கத்தில் வெறும் "128 ஜிபி" என்று மட்டும் போட்டிருந்தால், நான் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வதில்லை.

டிஸ்ப்ளேயில் எந்தக் கம்பெனித் திரை மாட்டும் என்பதே அதிர்ஷ்டம், "பேனல் லாட்டரி" என்கிறார்களே?

என் தங்கை கணவரும் நானும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாடல் வாங்கினோம். வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அவருடையது லேசாக மஞ்சள், என்னுடையது வெள்ளை. "மச்சான், உங்களுக்கு நல்ல கம்பெனி பேனல் மாட்டிடுச்சு, எனக்கு மட்டமானது" என்று அன்று சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. ஒரு ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே கம்பெனியின் பேனல், ஒரே எண்.

டிஸ்ப்ளே விஷயத்தில் இதுதான் நடப்பு. ஒரே தொழிற்சாலையிலிருந்து வரும் இரண்டு பேனல்களுக்குள் இருக்கும் வித்தியாசம், பல சமயம் இரண்டு கம்பெனிகளுக்கு இடையே இருப்பதைவிட அதிகம். 2018இல் வந்த போகோ எஃப்1இல் டியான்மா, ஈபிபிஜி என்று இரண்டு கம்பெனி எல்சிடி வந்தது. வாங்கிய முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. போனில் வேறு மென்பொருள் ஏற்றிப் பார்ப்பவர்கள்தான் டச் விஷயத்தில் இதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

சப்ளையர் பெயர் நிஜமாகவே வேலை செய்த உதாரணமும் ஒன்று இருக்கிறது. 2017இல் கூகுளின் பிக்சல் 2 எக்ஸ்எல், எல்ஜியின் ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்) திரையுடன் வந்தது. சாய்த்துப் பார்த்தால் நீலம் அடித்தது. சில வாரத்திலேயே திரையில் நிழல் பதிவதாகப் புகார் வந்தது. கூகுள் வாரண்டியை 2 வருடமாக நீட்டியது. ஆனால் பாருங்கள், அது அந்த மாடல் முழுவதுக்குமான குறை. ரிவ்யூ வந்த அன்றே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நீங்கள் துப்பறிய வேண்டியிருக்கவில்லை.

பெரிய கம்பெனிகள் தாங்களும் கண்காணிக்கின்றன. ஐபோன் 13க்கு ஓஎல்இடி கொடுத்த சீனாவின் பிஓஇ, உற்பத்தியில் தேறும் எண்ணிக்கையைக் கூட்ட, கேட்காமல் சர்க்யூட் அகலத்தை மாற்றியதாகவும், ஆப்பிள் கண்டுபிடித்து உற்பத்தியை நிறுத்தச் சொன்னதாகவும் 2022இல் கொரியப் பத்திரிகைகள் எழுதின.

கேமரா, ரேம்?

ரேம்: தலைமுறை ஒன்றாக இருந்தால் கம்பெனியை மறந்துவிடுங்கள். கேமரா: 2016இன் கேலக்ஸி எஸ்7இல் சிலவற்றுக்குச் சோனி ஐஎம்எக்ஸ்260 சென்சார், சிலவற்றுக்குச் சாம்சங்கின் சொந்த சென்சார். படங்களைப் பக்கத்தில் வைத்து நிறத்தில் நூலளவு வித்தியாசம் கண்டுபிடித்தவர்கள் உண்டு. கல்யாண ஆல்பத்தில் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

பேட்டரி யாருடையது என்று பார்த்து வாங்கலாமா? அது ஆபத்தான விஷயமாயிற்றே?

ஆபத்தானதுதான். அதனாலேயே கேலக்ஸி நோட் 7 கதையைச் சொல்லியாக வேண்டும். 2016 ஆகஸ்டில் போன் வந்தது. கொஞ்ச நாளிலேயே தீப்பிடிப்பதாகச் செய்திகள். பேட்டரி இரண்டு இடத்திலிருந்து வந்திருந்தது: சாம்சங் எஸ்டிஐ, ஏடிஎல். தீப்பிடித்தவை எஸ்டிஐ பேட்டரி என்று தெரிந்தது. செப்டம்பர் 2ஆம் தேதி 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்து, ஏடிஎல் பேட்டரி போட்டுக் கொடுத்தார்கள். பாதுகாப்பான போன் என்று தெரிய, மேலே உள்ள பேட்டரிக் குறியைப் பச்சையாகக் காட்டினார்கள். மக்களும் நிம்மதியாக வாங்கிப் போனார்கள்.

அக்டோபர் 5ஆம் தேதி அமெரிக்காவின் லூயிவில் விமான நிலையத்தில், புறப்படவிருந்த சவுத்வெஸ்ட் விமானத்துக்குள் ஒரு நோட் 7 புகைந்தது. பயணிகளை இறக்கினார்கள். அது மாற்றிக் கொடுத்த போன். ஒரு வாரத்துக்குள் சாம்சங் அந்த மாடலையே மூடிவிட்டது.

2017 ஜனவரியில் வெளியிட்ட விசாரணை முடிவு இன்னும் வேடிக்கை. 2 லட்சம் போன்களையும் 30 ஆயிரம் பேட்டரிகளையும் வைத்துச் சோதித்ததில், இரண்டு பேட்டரிக்கும் இரண்டு வேறு குறைகள். எஸ்டிஐ பேட்டரியில் மேல் மூலையில் இடம் போதாமல் மின்முனை மடங்கியிருந்தது. ஏடிஎல் பேட்டரியில் வெல்டிங் பிசிறு உறையைத் துளைத்தது, சிலவற்றில் காப்பு டேப்பே இல்லை. "நல்ல சப்ளையர்" என்று கம்பெனியே, எல்லாத் தகவலும் கையில் வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்தது தப்பாகப் போனது. கடையில் நின்றுகொண்டு நானும் நீங்களும் எப்படித் தேர்ந்தெடுப்போம்?

பெட்டியைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

இல்லை. பெட்டியில் மாடல் எண், ஐஎம்இஐ, தயாரித்த மாதம், விலை எல்லாம் இருக்கும். பேனல் யாருடையது என்று இருக்காது. விற்பவருக்கும் தெரியாது. "நல்ல லாட் எடுத்துத் தரேன் சார்" என்று சொன்னால், அது அன்பால் சொல்வது. மாடல் எண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வேறு நாட்டுக்கான போன் உங்கள் கையில் வராமல் இருக்க.

வாங்கியபிறகு எதைச் சோதிக்க வேண்டும்?

ஆன்லைனில் வாங்கினால் மாற்றிக்கொள்ளப் பெரும்பாலும் 7 நாள்தான் கொடுப்பார்கள். அதனால் முதல் நாளிலேயே பார்த்துவிடுங்கள். வெளிச்சத்தை மிகக் குறைத்து, இருட்டறையில், முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறங்கள். ஓஎல்இடியில் பச்சைத் திட்டு, ஒரு பக்கம் சிவப்பு, கோடு எல்லாம் இதில் காட்டிக்கொடுத்துவிடும். சாம்சங்கில் *#0*# என்று டயல் செய்தால் சோதனைப் பட்டியல் வரும், ஷாவ்மியில் *#*#6484#*#*. ஸ்டோரேஜ் வேகத்தை ஒரு முறை அளந்து, சொன்ன தரத்துக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். அப்புறம் உங்கள் வீட்டில் சிக்னல் வழக்கமாகத் தகராறு செய்யும் மூலைக்குப் போய், பழைய போனையும் புதுப் போனையும் ஒரே சிம்மில் மாற்றிப் போட்டுப் பேசிப் பாருங்கள்.

லேசான மஞ்சள் நிறத்துக்காக மாற்றித் தர மாட்டார்கள், அதைக் குறையாகவே கணக்கில் எடுப்பதில்லை. செட்டிங்ஸில் நிற வெப்பத்தை மாற்றிப் பாருங்கள். என் தங்கை கணவருக்கு அதிலேயே முடிந்தது.

இந்தியாவில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய போனில் மட்டமான பாகம் போடுவார்களா?

சென்னைக்குப் பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் ஆப்பிளுக்காக ஃபாக்ஸ்கான் கம்பெனி பூட்டும் ஐபோனைப் பற்றியும் இதைக் கேட்கிறார்கள். அங்கே நடப்பது பெரும்பாலும் பூட்டுகிற வேலை. சிப்பும் திரையும் சீனாவில் பூட்டும் போனுக்குப் போகும் அதே கம்பெனிகளிடமிருந்துதான் வருகின்றன. அங்கிருந்து அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி ஆகிறது.

பழைய போன் வாங்கினால்?

கேள்வியே மாறிவிடும். கம்பெனி போட்ட இரண்டு சப்ளையர்களில் யார் என்பது போய், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறெங்கோ மூன்றாவது ஆள் எதைப் போட்டார் என்பதுதான் கேள்வி. ஓஎல்இடி இருந்த இடத்தில் மலிவான எல்சிடி உட்கார்ந்திருக்கலாம். கறுப்புப் படத்தை இருட்டில் திறந்தால் எல்சிடி சாம்பலாக ஒளிரும், ஓஎல்இடி அணைந்தது போல இருக்கும். ஐபோன் 12 அல்லது அதற்குப் பின் வந்தது என்றால் செட்டிங்ஸில் ஜெனரல், அபௌட் பக்கத்தில், திரை, பேட்டரி, கேமரா மாற்றப்பட்டிருந்தால் அங்கே தெரியும். பணம் கொடுக்கும் முன்பே, விற்பவர் எதிரிலேயே பாருங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று போனைக் கையிலிருந்து வாங்கினால், அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

முதல் லாட்டைத் தவிர்த்து இரண்டு மாதம் காத்திருக்கலாமா?

முடிந்தால் காத்திருங்கள். நோட் 7 வாங்க இரண்டு மாதம் காத்திருந்தவர்களுக்கு அந்த போனே கிடைக்கவில்லை. பி10 வாங்கக் காத்திருந்தவர்களுக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. விலையும் அதற்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும்.